ரஷ்ய மொழிக்குத் தமிழ் வழியே போகலாம்

கம்பத்திலோ சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ பிளஸ் டூ முடித்த பிள்ளை மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறது என்றால் இன்று யாரும் வியப்பதில்லை. தேனிக்குப் பக்கத்திலேயே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே இடம் கிடைக்காத, தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட முடியாத வீடுகளில் கஸான், கூர்ஸ்க், வோல்கோகிராத் என்ற ஊர்ப் பெயர்கள் சாதாரணமாக அடிபடுகின்றன. பாடம் ஆங்கிலத்தில்தான் என்று சொல்லித்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அது உண்மைதான். தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் கொண்டுவந்த விதிகளும் வெளிநாட்டுப் படிப்பு ஆங்கில வழியில் இருக்க வேண்டும், குறைந்தது 54 மாதம் நடக்க வேண்டும், அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும் என்கின்றன.

ஆனால் பயிற்சிக்கு வார்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி ரஷ்ய மொழியில்தான் பேசுவார். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதையெல்லாம் அந்த மொழியில்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்காக முதல் வருடத்திலேயே ரஷ்ய மொழி வகுப்பு வைக்கிறார்கள். அந்த வகுப்புக்கும் பெரும்பாலும் ஆங்கிலமே ஊடகம். எழுவாய், வினை, வேற்றுமை எல்லாமே ஆங்கிலத்தின் வழியாகத்தான் விளக்கப்படுகின்றன. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை முதலில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ரஷ்ய மொழிக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்தச் சுற்று வழி தேவையற்றது என்பதே என் வாதம். ரஷ்ய இலக்கணத்தின் பல கடினமான இடங்கள் ஆங்கிலம் பேசுகிறவருக்குத்தான் கடினம். கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த பிள்ளையின் வாயில் அவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தர ஒரு நிறுவனம் நடத்துகிறது. எந்த மொழிக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று அது மொழிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. ரஷ்ய மொழிக்கு ஏறத்தாழ 44 வாரம், 1,100 வகுப்பு மணி. அதே வரிசையில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவரின் காதுக்குத் தமிழ் எவ்வளவு தூரமோ ரஷ்யமும் அவ்வளவு தூரம். கடினம் என்பது மொழியின் இயற்கைக் குணம் மாதிரி பேசப்படுகிறது. உண்மையில் அது, கற்பவர் எங்கே நின்று தொடங்குகிறார் என்பதைப் பொறுத்த அளவு.

நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். தேனிப் பக்கத்து மருத்துவர் "என்னம்மா செய்யுது?" என்று கேட்பார். 'செய்யுது' என்பதற்கு எழுவாய் நோய். அதை அனுபவிப்பவர் நோயாளி. ரஷ்ய மருத்துவர் "ஷ்தோ வாஸ் பெஸ்பகோயித்?" என்பார். 'எது உங்களைத் தொந்தரவு செய்கிறது' என்று பொருள். அங்கும் நோய்தான் வேலை செய்கிறது, மனிதர் செயப்படுபொருள். நோயாளி "உ மென்யா பலீத் கலவா" என்று பதில் சொல்வார். 'என்னிடத்தில் தலை வலிக்கிறது.' தலை எழுவாய், வலிப்பது அதன் வினை. ஆங்கிலத்தில் இந்த ஆள் தலைவலியை 'வைத்திருப்பார்'. தமிழிலும் ரஷ்யத்திலும் யாரும் தலைவலியை வைத்திருப்பதில்லை. தலை தானாக வலிக்கிறது.

குமட்டல் என்றால் "மென்யா தஷ்னீத்". இந்த வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. 'என்னை' என்ற சொல்லும் வினையும் மட்டும் இருக்கின்றன. ஆங்கில வழியில் படிப்பவர் எழுவாய் எங்கே என்று தேடித் திகைப்பார். "எனக்குக் குமட்டுது" என்று சொல்லி வளர்ந்தவர் எதைத் தேட வேண்டும்? குமட்டுவது எது என்று தமிழில் யாராவது கேட்டிருக்கிறோமா? குளிர்ந்தால் "ம்ன்யே ஹோலத்ன": எனக்குக் குளிருது. வயது சொன்னால் "ம்ன்யே த்வாத்ஸத் ல்யெத்": எனக்கு இருபது வயசு. பிடித்திருந்தால் "ம்ன்யே ந்ராவித்ஸா": எனக்குப் பிடிக்கும். இந்த மூன்றிலும் வரும் 'ம்ன்யே' நம்முடைய 'எனக்கு'தான். உணர்வை அனுபவிக்கிறவரை எழுவாயாக வைக்காமல் நான்காம் வேற்றுமையில் வைப்பது உலகின் பல மொழிகளில் உண்டு. ரஷ்யம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம். இரண்டுக்கும் ரத்த உறவு இல்லை. பசியும் குளிரும் நாம் செய்வன அல்ல, நமக்கு நேர்வன. மனிதர் எங்கே வாழ்ந்தாலும் கண்டுகொள்ளக்கூடிய இந்த உண்மையை இரு மொழிகளும் தனித்தனியாக இலக்கணமாக்கிக்கொண்டன.

உடைமையும் அப்படித்தான். "உ மென்யா யேஸ்த் க்னீகா" என்றால் 'என்கிட்ட புத்தகம் இருக்கு'. 'யேஸ்த்' என்பது 'இருக்கு'. "ஓன் வ்ராச்" என்றால் 'அவர் டாக்டர்'. இரண்டே சொல், 'ஆவார்' என்று இழுக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் 'எ', 'தி' போன்ற சொற்கள் இரு மொழியிலும் இல்லை. 'ன்யெத்' என்பதை எல்லோரும் 'இல்லை' என்ற பதிலாக அறிவார்கள். அது நம் 'இல்லை'யைப் போலவே ஒரு பொருள் இல்லாமையையும் குறிக்கும். "ன்யெத் வதீ" என்றால் தண்ணீர் இல்லை. 'இது தண்ணீர் அல்ல' என்று மறுக்கும்போது வேறு சொல் வரும்: "ஏத ன்யே வதா". இல்லைக்கும் அல்லவுக்கும் வேறுபாடு காக்க வேண்டும் என்று தமிழாசிரியர் எத்தனை முறை அடித்துச் சொல்லியிருப்பார்! அதே வேறுபாட்டை ரஷ்யர்கள் தெருப் பேச்சிலும் விடாமல் காக்கிறார்கள். ஒன்றை மட்டும் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும்: 'ன்யெத்' வந்தால் இல்லாத பொருள் ஆறாம் வேற்றுமைக்கு மாறும். அதனால்தான் 'வதா' அங்கே 'வதீ' ஆயிற்று.

வேற்றுமை என்றதும் பலர் பயப்படுகிறார்கள். ரஷ்யத்தில் ஆறு வேற்றுமை. விளியோடு சேர்த்து எட்டு எண்ணுகிறவர்கள் நாம். தொல்காப்பியமும் நன்னூலும் கொடுத்த எண்வரிசையை வைத்தே ரஷ்ய வேற்றுமைகளை அடையாளம் காணலாம். எழுவாய் முதலாவது. 'ஐ' இரண்டாவது. 'கு' நான்காவது. 'உடைய' ஆறாவது. 'இல்' ஏழாவது; ரஷ்யத்தில் அது முன்னிடைச் சொல்லோடுதான் வரும். நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் வேலையை, 'இருந்து' என்ற பொருள் தரும் முன்னிடைச் சொற்களோடு ஆறாம் வேற்றுமை பார்த்துக்கொள்கிறது. மூன்றாவதுதான் அழகு. நம் இலக்கணத்தில் கருவியைச் சொல்லும் 'ஆல்' உருபும் உடனிருப்பவரைச் சொல்லும் 'ஓடு' உருபும் ஒரே மூன்றாம் வேற்றுமைக்குள் இருப்பது ஏன் என்று பள்ளியில் யாராவது கேட்டிருக்கலாம். ரஷ்யத்தில் 'ஸ்கால்பெலெம்' என்றால் கத்தியால். 'ஸ் வ்ரச்சோம்' என்றால் டாக்டரோடு. இரண்டுக்கும் ஒரே வேற்றுமை வடிவம்; உடனிகழ்ச்சிக்கு முன்னால் 'ஸ்' என்ற சிறு சொல் மட்டும் சேரும். மூன்றாம் வேற்றுமை என்ற நம் பழைய பெட்டி அங்கே அப்படியே பொருந்துகிறது.

'ஆஸ்பத்திரிக்கு', 'ஆஸ்பத்திரியில்' என்ற வேறுபாடு ரஷ்யத்தில் "வ் பல்னீத்ஸு", "வ் பல்னீத்ஸெ" என்று வருகிறது. முன்னால் நிற்கும் சொல் ஒன்றே. சொல்லின் கடைசி உயிர்தான் போவதா இருப்பதா என்று சொல்கிறது. அந்தக் கடைசி உயிரைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் தமிழருக்குப் பிறவியிலேயே உண்டு. சொல்லின் வாலில் பொருளை வைக்கும் மொழி நம்முடையது.

உண்மையான கடினம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 'மரங்களுக்கு' என்ற சொல்லைப் பிரித்தால் மரம், கள், கு என்று தனித்தனியாகக் கழன்று வரும். 2023-ல் போடி வரை மறுபடி ஓடத் தொடங்கிய ரயிலின் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை அவை. எதையும் கழற்றலாம், மாட்டலாம். ரஷ்யத்தில் பெட்டிகள் உருகி ஒன்றாகிவிட்டன. 'க்னீகா' என்றால் புத்தகம். புத்தகத்துக்கு 'க்னீகெ', புத்தகங்களுக்கு 'க்னீகம்'. இந்த 'அம்'முக்குள் பன்மை எது, 'கு' எது என்று பிரிக்க முடியாது. ஒரே ஈறு எண்ணையும் வேற்றுமையையும் சேர்த்துச் சொல்கிறது. ஒருமையில் பாலும் அதோடு சேரும். மொழியியலாளர்கள் தமிழை ஒட்டுநிலை மொழி என்றும் ரஷ்யத்தை உட்பிணைப்பு மொழி என்றும் வகைப்படுத்துவது இதனால்தான். எனவே வேற்றுமையின் பொருளைக் கற்க நேரம் செலவிட வேண்டாம். அது நமக்குத் தெரியும். ஈறுகளின் பட்டியலை மனப்பாடம் செய்யவே நேரம் வேண்டும். வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைகளுக்கு அதுவும் முடியாத காரியமில்லை.

பால் விஷயத்தில் தமிழர் புதிதாகக் கற்றாக வேண்டும். இதயம் நமக்கு அஃறிணை, கல்லீரலும் அஃறிணை, இரைப்பையும் அஃறிணை. ரஷ்யத்தில் இதயம் அலிப்பால், கல்லீரல் பெண்பால், இரைப்பை ஆண்பால். காரணம் கேட்டுப் பயனில்லை. பெரும்பாலும் ஈறே காட்டிக்கொடுக்கும்: மெய்யில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண், 'ஓ'வில் முடிந்தால் அலி. மென்மைக் குறியில் முடியும் சொற்கள்தான் தொல்லை. அவற்றைச் சொல்லோடு பாலையும் சேர்த்தே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: இறந்த காலத்தில் பேசுகிறவரின் பாலும் வெளிப்படும். 'வந்தேன்' என்பதைத் தங்கை 'ப்ரிஷ்லா' என்றும் தம்பி 'ப்ரிஷோல்' என்றும் சொல்ல வேண்டும். நமக்கு 'வந்தான், வந்தாள்' என்று படர்க்கையில் மட்டும் இருக்கும் வேறுபாடு அங்கே தன்மைக்கும் வருகிறது.

திணை என்ற நம் கருத்து ரஷ்யத்துக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். "மரம் வெட்டினான்" என்று சொல்கிறோம். 'ஐ' இல்லாமலே பொருள் விளங்குகிறது. "தம்பி பார்த்தேன்" என்று சொல்ல முடியாது. "தம்பியைப் பார்த்தேன்" என்றே ஆக வேண்டும். மனிதர் செயப்படுபொருளானால் உருபு கட்டாயம், அஃறிணையானால் பல இடங்களில் விருப்பம். ரஷ்யத்திலும் ஆண்பாற் சொற்களில் இதே மாதிரி நடக்கிறது. "வீஜு ஸ்தோல்", மேசையைப் பார்க்கிறேன்: 'ஸ்தோல்' மாறவில்லை. "வீஜு ப்ராத", சகோதரனைப் பார்க்கிறேன்: 'ப்ராத்' என்பது ஈறு பெற்றுவிட்டது. உயிருள்ளதற்கு அடையாளம், உயிரற்றதற்கு இல்லை. நாம் கோட்டை மனிதரைச் சுற்றிப் போட்டோம். அவர்கள் ஆடு மாடு யானையையும் உள்ளே சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

மருத்துவ மாணவர் இதை உடற்கூறியல் கூடத்திலேயே சந்திப்பார். இறந்தவர் என்ற பொருளில் வரும் 'மெர்த்வேத்ஸ்' ரஷ்ய இலக்கணப்படி உயிருள்ள பெயர். சடலம் என்ற 'த்ரூப்' உயிரற்றது. அதே உடலை மனிதராக நினைத்துச் சொன்னால் ஓர் ஈறு, பொருளாக நினைத்துச் சொன்னால் ஈறில்லை. பாக்டீரியாவும் வைரஸும் இன்னும் சுவாரசியம். அவற்றுக்கு ரஷ்யர்கள் இரு வடிவத்தையும் பயன்படுத்துகிறார்கள். இலக்கண நூல்களே இந்தத் தடுமாற்றத்தைப் பதிவு செய்கின்றன. வைரஸ் உயிரா இல்லையா என்று உயிரியலாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதம் ஒரு மொழியின் ஈற்றெழுத்திலும் நடந்துகொண்டிருக்கிறது!

ரஷ்யம் கற்கிறவர் எல்லோரும் மலைத்து நிற்கும் இடம் வினை. ஒவ்வொரு வினைக்கும் பெரும்பாலும் இரண்டு வடிவம்: செயல் நடந்ததை, நடந்துகொண்டிருப்பதைச் சொல்வது ஒன்று; செயல் முடிந்து விளைவு கையில் இருப்பதைச் சொல்வது இன்னொன்று. ஆங்கிலப் பாடநூல்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விதிகள் எழுதுகின்றன. தமிழில் 'விடு' என்ற துணைவினை இதற்கு மிக நெருக்கமான வேலையைச் செய்கிறது.

"மாத்திரை சாப்பிட்டீங்களா?", "மாத்திரை சாப்பிட்டுட்டீங்களா?" இரண்டும் ஒன்றா? முதலாவது, மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா என்று பொதுவாகக் கேட்கிறது. இரண்டாவது, கொடுத்த மாத்திரையை எடுத்து முடித்தாயிற்றா என்று கேட்கிறது. ரஷ்ய மருத்துவர் முதல் கேள்விக்கு 'ப்ரினிமாலி' என்பார், இரண்டாவதுக்கு 'ப்ரீன்யலி' என்பார். 'விடு' சேர்த்துச் சொல்லத் தோன்றும் இடத்தில் முடிந்த வடிவம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

எதிர்மறை ஏவலில்தான் இந்த ஒற்றுமை முழுதாகத் தெரிகிறது. தடுப்பதற்கும் எச்சரிப்பதற்கும் ரஷ்யர்கள் வெவ்வேறு வடிவம் வைத்திருக்கிறார்கள். "நி குரீத்யெ", புகை பிடிக்காதீர்கள்: இது தடை, முடியாத வடிவம். "நி உபதீத்யெ", விழுந்துவிடாதீர்கள்: இது எச்சரிக்கை, முடிந்த வடிவம். கீழே விழுவதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. தெரியாமல் நடந்துவிடும் என்ற அச்சத்தில் சொல்வது. இப்போது நம் ஊர்ப் பேச்சைக் கேளுங்கள். "பீடி குடிக்காதீங்க" என்கிறோம். வழுக்குப் பாறையில் நடக்கும் அப்பத்தாவிடம் "விழுந்துறாதீங்க" என்கிறோம். 'விழாதீங்க' என்பதில்லை. "நி ஸபூத்யெ" என்று ரஷ்யர் சொல்வது முடிந்த வடிவம்; நாம் சொல்வது "மறந்துறாதீங்க". சுருளி அருவிப் படியில் எந்தத் தாயும் பிள்ளையிடம் தவறாமல் சரியாகப் பயன்படுத்தும் வேறுபாடு இது. ரஷ்யப் பாடநூலில் இது பின் பாடங்களில், கடினப் பகுதி என்ற குறிப்போடு வருகிறது.

எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும் என்று நினைக்க வேண்டாம். தமிழில் 'விடு' சேர்ப்பது பேசுகிறவர் விருப்பம். 'சாப்பிட்டேன்' என்று மட்டும் சொன்னாலும் குற்றமில்லை. ரஷ்யத்தில் ஒவ்வொரு வினையிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நடுவில் நிற்க இடமில்லை.

போக்குவரத்து வினைகளும் அவ்வாறே கொஞ்சம் ஒத்து, கொஞ்சம் விலகும். "யா ஹதீல் வ் அப்த்யேகு" என்றால் மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்தேன். "ஓன் பஷோல் வ் அப்த்யேகு" என்றால் அவர் மருந்துக் கடைக்குப் போயிருக்கார், இன்னும் திரும்பவில்லை. இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. ஆனால் நடந்து போவதற்கு 'இத்தீ', வண்டியில் போவதற்கு 'யேஹத்' என்று ரஷ்யம் பிரிக்கிறது. கம்பத்திலிருந்து குமுளிக்குப் போனேன் என்று தமிழில் சொன்னால் பஸ்ஸிலா, ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பிலா என்பது தெரியாது. ரஷ்யத்தில் கால் நடையா சக்கரமா என்பதை வினையே சொல்லிவிடும்.

சொல் தேர்வுக்கு வருவோம். ஆங்கிலத்தில் கைக்கு இரண்டு சொல், காலுக்கு இரண்டு சொல், விரலுக்குக் கையில் ஒன்று காலில் ஒன்று. ரஷ்யத்தில் தோள் முதல் விரல் நுனி வரை 'ருகா', நம் கை. இடுப்புக்குக் கீழ் பாதம் வரை 'நகா', நம் கால். 'பாலெத்ஸ்' என்றால் விரல், கையிலும் காலிலும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர், நோயாளி 'ருகா' என்று சொன்னால் எந்தப் பகுதி என்று குழம்புவார். தேனி மருத்துவர் "கையில எந்த இடம்?" என்று இயல்பாகக் கேட்பதைப் போலவே அங்கும் அடுத்த கேள்வி கேட்டால் போதும்.

'முடியும்', 'தெரியும்' என்ற இரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளிக்கிறது. ரஷ்யம் நம்மைப் போலப் பிரிக்கிறது. ஊசி போடத் தெரியும் என்றால் 'உமேயு'. இன்றைக்குக் கை நன்றாக இருக்கிறது, போட முடியும் என்றால் 'மகூ'. அதற்கு மேல் ஒரு படி போய், அவரைத் தெரியும் என்பதற்கு 'ஸ்னாயு' என்று மூன்றாவது சொல் வைத்திருக்கிறது. இங்கே கவனம் தேவை: நம் ஒரே 'தெரியும்' அங்கே திறமைக்கு ஒன்றாகவும் அறிவுக்கு ஒன்றாகவும் பிரிகிறது.

உறவுப் பெயர்களைச் சொல்லாமல் விட மனமில்லை. அண்ணன், தம்பி என்ற பிரிவு ரஷ்யத்தில் கிடையாது. 'ப்ராத்' என்று சொல்லிவிட்டு மூத்தவர், இளையவர் என்று அடை சேர்ப்பார்கள். ஆனால் திருமண உறவில் அவர்கள் பழைய சொற்கள் நம்மோடு போட்டி போடும். மனைவியின் சகோதரன் 'ஷூரின்', மச்சினன். கணவனின் சகோதரன் 'த்யெவெர்', கொழுந்தன். கணவனின் சகோதரி 'ஸலோவ்க', நாத்துனா. மனைவியின் சகோதரியின் கணவன் 'ஸ்வயாக்', நம் சகலை! இன்றைய நகரத்து ரஷ்ய இளைஞர்களே இவற்றில் தடுமாறுகிறார்கள்; நோயாளியின் குடும்பத்தைப் பற்றிக் கிராமத்துப் பாட்டியிடம் கேட்கும்போது இவை உதவும். ஆண் திருமணம் செய்வதற்கு ஒரு வினை, பெண் திருமணமாகிப் போவதற்கு வேறு வினை. 'வாக்கப்பட்டா' என்ற சொல்லை ஆணுக்குப் பயன்படுத்தாத ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

மரியாதையும் நமக்குத் தெரிந்த வழியிலேயே போகிறது. 'நீ' என்பதற்கு 'தி', 'நீங்கள்' என்பதற்கு 'வி'. மரியாதைக்குப் பன்மையைப் பயன்படுத்துவது, வினையையும் பன்மையாக்குவது இரண்டும் அப்படியே. நோயாளியை 'தி' என்று அழைத்தால் காரியம் கெட்டுவிடும். மரியாதையான அழைப்பில் பெயரோடு தந்தை பெயரும் சேரும். மருத்துவராக இருந்த எழுத்தாளர் செகாவின் பெயர் அந்தோன், தந்தை பாவெல். அதனால் அவர் அந்தோன் பாவ்லொவிச். தங்கை மரியா பாவ்லொவ்னா. தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கப்படி அவரைப் பா. அந்தோன் என்று எழுதலாம். பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் எது என்று பாஸ்போர்ட் படிவத்தில் விழிக்கும் தமிழர்கள் ரஷ்ய நண்பரிடம் விளக்கினால் உடனே புரிந்துகொள்வார்.

ஒலியில் இரண்டு எச்சரிக்கை. நம் எழுத்து ஒலிப்புடைய மெய்யையும் ஒலிப்பில்லாத மெய்யையும் பிரிக்காது. தமிழில் எழுதினால் 'கோஸ்த்' என்று ஒரே மாதிரி வரும் இரண்டு ரஷ்யச் சொற்களில் ஒன்று எலும்பு, மற்றது விருந்தாளி. 'போச்க' என்று எழுதினால் 'பல்' என்பதில் வரும் 'ப'வோடு சிறுநீரகம். 'பஸ்' என்பதில் வரும் 'ப'வோடு பீப்பாய். எனவே ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பது முதல் சில நாளுக்கு மட்டுமே உதவும்; இந்தக் கட்டுரையில் உள்ளவையும் அப்படித்தான். 33 எழுத்துகளையும் உடனே கற்றுவிட வேண்டும். இரண்டாவது, மெய்களின் மென்மை. நடுநாக்கு அண்ணத்தை நோக்கி எழும்ப ஒலிப்பது மென்மை; நம் 'ஞ்' ஒலிப்பில் நாக்கு செய்வது அதுதான். 'க்ரோவ்' என்று வன்மையாக முடித்தால் கூரை, அடைக்கலம். மென்மையாக முடித்தால் இரத்தம். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகிய காதுக்கு இந்தப் பயிற்சி எட்டாததல்ல. அழுத்தம் விழாத 'ஓ', 'அ'வாகத் தேய்வதையும் குற்றியலுகரம் படித்தவர்கள் விளங்கிக்கொள்வார்கள். எழுத்தில் மொலொகோ, பேச்சில் மலகோ, பால்.

எண்களை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மருந்துச் சீட்டில் தவறக் கூடாது என்பதற்காக. ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை, ஐந்து மாத்திரை என்று நாம் பெயரைத் தொடாமல் போவோம். ரஷ்யத்தில் ஒன்றுக்கு 'தப்லெத்க', இரண்டு முதல் நான்கு வரை 'தப்லெத்கி', ஐந்திலிருந்து 'தப்லெதக்', இருபத்தொன்றுக்கு மறுபடி 'தப்லெத்க'. பழைய ரஷ்யத்தில் ஒருமை, பன்மைக்கு நடுவே இருமை என்று ஒன்று இருந்தது. அது மறைந்தபோது விட்டுச் சென்ற தடம் இது.

எதிர்த் திசையில் இந்தப் பாதையை ரஷ்யர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கியிருந்த அலெக்சாந்தர் மெர்வார்த் 1929-ல் தமிழ்ப் பேச்சுமொழிக்கு ரஷ்ய மொழியிலேயே இலக்கணம் வெளியிட்டார். பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் 1960-ல் தமிழ்-ரஷ்ய அகராதி தந்தார்கள். அந்திரோனோவ் தமிழ் இலக்கணம் எழுதினார். 2020-ல் மறைந்த துப்யான்ஸ்கி மாஸ்கோவில் பல தலைமுறை மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். இவர்கள் தங்கள் மாணவர்களுக்குத் தமிழை ரஷ்யத்தின் வழியாக நேராக விளக்கினார்கள். நம் பக்கம் தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த 'தாய்' என்ற ரஷ்ய நாவலும் சோவியத் பதிப்பகங்களின் மலிவு விலைத் தமிழ் நூல்களும் சிற்றூர்களுக்கெல்லாம் வந்தன. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாடிய காலம் அது. ரஷ்யக் கதை நம்மை அடைந்தது. ரஷ்ய இலக்கணம் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை.

இன்று அதன் தேவை கூடியிருக்கிறது. ரஷ்யாவில் படித்துத் திரும்பி நம் மாவட்டங்களில் மருத்துவம் பார்க்கிறவர்கள் பலர். வார்டில் தாங்கள் கேட்ட நூறு கேள்விகளையும் நோயாளிகள் சொன்ன பதில்களையும் அவர்கள் எழுதித் தர வேண்டும். கல்லூரித் தமிழ்த் துறைகள் அவற்றுக்கு நம் வேற்றுமை எண்ணோடும் 'விடு' துணைவினையோடும் விளக்கம் எழுத வேண்டும். சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்ய மையம் பல காலமாக மொழி வகுப்பு நடத்துகிறது. பிழை திருத்த அங்கே ஆட்கள் கிடைப்பார்கள். அந்த நூலுக்கு எண்பது பக்கம் போதும். பிள்ளையை அனுப்பப் போகும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: விமானச் சீட்டு வாங்கும் முன் அந்த 33 எழுத்தையும் வீட்டிலேயே படிக்க வையுங்கள், இலக்கணக் குறிப்பைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்.